தாடை வலியும் ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்து வந்தால்: எங்கே தொடங்குவது, என்ன செலவாகும், எதற்குத் தலையாட்டக் கூடாது

காலையில் எழுந்ததும் வாய் திறக்க வரவில்லை. இட்லியை விண்டு வாய்க்குள் தள்ள வேண்டியிருக்கிறது. கொட்டாவி விட்டால் காதோரம் 'டக்' என்று ஒரு சத்தம். காது குடைச்சல் என்று போனால் காதில் ஒன்றுமில்லை என்கிறார்கள். பல் வலி என்று போனால் பல்லில் ஒன்றுமில்லை என்கிறார்கள். இத்தனைக்கும் தோள், முதுகு, இடுப்பு, தொடை என்று உடம்பு முழுக்க வலி ஏற்கெனவே இருக்கிறது. இதில் பாதியாவது உங்களுக்குப் பொருந்தினால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எனக்கு இருப்பது ஃபைப்ரோமயால்ஜியா (சுருக்கமாக ஃபைப்ரோ), அதாவது உடம்பு முழுக்க வலியும் களைப்பும் நீடிக்கும் நோய் என்று பெயர் சொல்லி, தாடை வலியும் அதனோடு ஒட்டியது என்று புரிந்து, ஒரு ஒழுங்குக்கு வர வெகு காலம் பிடித்தது. அதற்குக் காரணம் வைத்தியம் இல்லாமை அல்ல. பல் டாக்டர் வாயை மட்டும் பார்க்கிறார். மூட்டுவாத டாக்டர் வாயைப் பார்ப்பதே இல்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிப்பதில்லை. நடுவில் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய ஆள் நோயாளிதான். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இது டாக்டரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. டாக்டரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும், வாயில் என்ன கேள்வி இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும்.

1. முதலில், இது வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

ஃபைப்ரோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எல்லா வலியையும் அதன் தலையில் கட்டிவிடும் பழக்கம் நமக்கும் வரும், டாக்டர்களுக்கும் வரும். அது ஆபத்து. கீழே சொல்பவை இருந்தால் தாடை வைத்தியத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே போங்கள்.

படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தாடையில் வலி வந்து, நின்றால் குறைகிறதா? கூடவே நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் உண்டா? அது இதயமாக இருக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள்.

வயது 50-க்கு மேல். மெல்லும்போது தாடை சோர்ந்து வலிக்கிறது, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, சீப்பு பட்டால் தலை வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தலையின் ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால், தாமதம் பார்வையைப் பறித்துவிடும்.

காய்ச்சல், கன்னத்தில் வீக்கம், விழுங்க முடியாமை இருந்தால் கடைவாய்ப் பல் சீழாக இருக்கலாம். அண்மையில் காயம் பட்டு, தாடை இறுகிக்கொண்டே போனால் டெட்டனஸ் சந்தேகம். திறந்த வாயை மூடவே முடியவில்லை என்றால் தாடை நழுவியிருக்கிறது. அதற்கும் நேராக அவசரப் பிரிவுதான். வீட்டில் யாரும் தள்ளிப் பார்க்க வேண்டாம். சுளுக்கு எடுப்பவரிடம் தாடையைக் கொடுக்கவே வேண்டாம்.

நம் ஊரில் இன்னொன்றை அவசியம் கேட்டுக்கொள்ள வேண்டும். பாக்கு, பான் மசாலா, குட்கா போடும் பழக்கம் உண்டா? முன்பு இருந்ததா? பாக்கினால் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் எரியும். அது தசைப்பிடிப்பு அல்ல. புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. அதற்கான வைத்தியமே வேறு. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

2. வாயை அளந்து குறித்து வையுங்கள்

'ரொம்ப வலிக்குது டாக்டர்' என்பதைவிட ஒரு எண் அதிக வேலை செய்யும். உங்கள் கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் செங்குத்தாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் பொதுவாகப் போதுமான திறப்பு. பெரியவர்களுக்கு மேல் முன்பல் முதல் கீழ் முன்பல் வரை சுமார் 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். 35-க்குக் கீழே போனால் குறைவு என்று கொள்வார்கள். கண்ணாடி முன் நின்று சின்ன ஸ்கேலால் அளக்கலாம். வலிக்காமல் எவ்வளவு, வலியோடு எவ்வளவு என்று இரண்டு அளவு எடுங்கள்.

இரண்டு வாரம் இதைத் தினமும் காலையும் மாலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கூடவே நான்கு விஷயங்கள்: முந்தின இரவு தூக்கம் எப்படி, தாடை வலி பத்துக்கு எத்தனை, உடம்பு வலி பத்துக்கு எத்தனை, அன்று கடினமாக எதையாவது மென்றீர்களா. பெண்கள் மாதவிடாய் நாளையும் குறிக்கலாம். இரண்டு வாரத்தில் ஒரு கோலம் தெரிய ஆரம்பிக்கும். காலையில் மோசமாகவும் மதியத்தில் தளர்வாகவும் இருந்தால் ராத்திரி தூக்கத்தில் பல் கடிக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். மாலையில் மோசம் என்றால் பகலில் தெரியாமல் பல்லைக் கடித்தபடி வேலை பார்க்கிறீர்கள் என்று அர்த்தமாகலாம். தூக்கம் கெட்ட மறுநாள் உடம்பும் தாடையும் சேர்ந்தே ஏறினால் அதையும் டாக்டரிடம் அப்படியே காட்டுங்கள்.

திடீரென்று ஒரு நாள் 'டக்' சத்தம் நின்று, அதோடு வாய் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்காமல் போனால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். மூட்டுக்குள் இருக்கும் வட்டு முன்னால் நகர்ந்து தடுத்துக்கொண்டிருக்கலாம். சீக்கிரம் பார்த்தால் எளிதாகச் சரியாக வாய்ப்பு அதிகம். சத்தம் மட்டும் இருந்து வலியும் தடையும் இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கு வைத்தியமே தேவையில்லை.

3. ஒரே ஃபைல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்களென்றால் இதைச் செய்யுங்கள். பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஃபைல் போதும். முதல் பக்கத்தில் உங்கள் கையால் எழுதிய ஒரே ஒரு தாள்: பெயர், வயது, ரத்த வகை, எப்போது எந்த வலி ஆரம்பித்தது, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அளவோடு, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், இதுவரை செய்த பல் வேலைகள். அதற்கு அடியில் சீட்டுகள் தேதி வாரியாக. ஸ்கேன் படங்கள் தனி உறையில். சி.டி.யாகக் கொடுத்தால் அதன் ரிப்போர்ட் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

தெர்மல் தாளில் அடித்த பில்கள் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள் அல்லது நகல் எடுத்து வையுங்கள்.

டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டிய முக்கியமான வரி ஒன்று உண்டு: நோயின் பெயர். 'உடம்பு வலி', 'பலவீனம்' என்று எழுதிக் கொடுக்கும் சீட்டால் அடுத்த டாக்டருக்கும் பயனில்லை, அலுவலகத்துக்கும் பயனில்லை. ஃபைப்ரோமயால்ஜியா என்றும், தாடை மூட்டுக் கோளாறு என்றும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நோய்களுக்குக் குறியீடு தரும் சர்வதேசப் பட்டியலான ஐ.சி.டி.-10-இல் ஃபைப்ரோவின் குறியீடு எம் 79.7. காப்பீடு, விடுப்பு போன்றவற்றுக்கு இந்தக் குறியீடு கேட்கப்படலாம்.

4. யாரைப் பார்ப்பது, எந்த வரிசையில்

தாடைக்கு, பல் மருத்துவத்தில் வாய் மருத்துவம் என்ற தனிப் பிரிவு உண்டு. ஓரல் மெடிசின் என்று கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளில் புதிதாக வருபவர்களை முதலில் பார்ப்பதே பெரும்பாலும் அந்தப் பிரிவுதான். தெருமுனை கிளினிக்கில் சொத்தை அடைக்கும் டாக்டர் நல்லவராக இருக்கலாம். ஆனால் தாடை மூட்டில் அனுபவம் உண்டா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

உடம்பு வலிக்கு ரூமட்டாலஜி, அதாவது மூட்டுவாத டாக்டர். சென்னையில் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்தத் துறை இருக்கிறது. தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அதற்கு அருகிலேயே இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்கப் பார்க்கலாம். ஆனால் புது நோயாளிகளைப் பார்க்கும் கிழமையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் இருப்பது நல்லது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். ஃபைப்ரோ உடம்புக்கு வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நிற்பது மறுநாளையும் சேர்த்துக் கெடுக்கும். உட்கார இடம் கேளுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். ஆதார் நகல், பழைய ஓ.பி. சீட்டு இரண்டும் கையில் இருக்கட்டும். சென்னை தூரமென்றால் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் கிளினிக்கைவிடக் குறைவு. நேரம்தான் அதிகம் பிடிக்கும்.

ரூமட்டாலஜி டாக்டரிடம் தாடையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஃபைப்ரோ என்று முடிவு செய்ய, உடம்பில் 19 இடங்களில் எங்கெல்லாம் வலி என்று கணக்கெடுப்பார்கள். அந்த 19-இல் இடது தாடையும் வலது தாடையும் உண்டு. ஆனால் 2016-இல் திருத்திய விதிப்படி, உடம்பை ஐந்து பகுதிகளாகப் பிரித்து நான்கிலாவது வலி இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் தாடையைச் சேர்ப்பதில்லை. வலி மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஆகவே தோள், கை, இடுப்பு, கால், கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சொல்லுங்கள். தூங்கி எழுந்தும் களைப்பாக இருப்பது, மறதி, கவனம் சிதறுவது இவையும் கணக்கில் வரும். 'இதெல்லாம் எதுக்குச் சொல்லணும்' என்று நீங்களே கத்தரித்துவிடாதீர்கள்.

இரண்டு டாக்டரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'அவங்க கொடுத்ததையும் நீங்க கொடுக்கறதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?' சீட்டுகளை மேஜை மேல் விரித்து வைத்துக் கேளுங்கள்.

5. டெஸ்ட், ஸ்கேன்: எதற்குப் பணம் கட்டலாம்

ஃபைப்ரோவைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. எடுக்கும் டெஸ்ட் எல்லாம் வேறு நோய் இல்லை என்று காட்டத்தான்: ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டு, தேவைப்பட்டால் வைட்டமின் டி, தசை என்சைம், முடக்குவாதத்துக்கான பரிசோதனை. முடக்குவாதம் தாடை மூட்டையும் தாக்கும் என்பதால் கடைசியாகச் சொன்னதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். எல்லாம் நார்மல் என்று வந்தால் 'உங்களுக்கு ஒண்ணுமே இல்லை' என்று பொருள் கொள்ளாதீர்கள். ஃபைப்ரோவில் அப்படித்தான் வரும்.

தாடைக்கு முதலில் ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரே போதும். இரண்டு தாடையும் எல்லாப் பல்லும் ஒரே படத்தில் விழும். தனியார் மையத்தில் சில நூறு ரூபாய், அரசு மருத்துவமனையில் மிகக் குறைவு. எம்.ஆர்.ஐ. பல ஆயிரம் ஆகும். வாய் பூட்டிக்கொள்வது, மூட்டு வட்டு நகர்ந்ததாகச் சந்தேகம், முதல்கட்ட வைத்தியத்தில் தளராத வலி என்று காரணம் இருந்தால் எடுக்கலாம். 'எதற்கும் எடுத்துவிடலாம்' என்பது காரணம் ஆகாது. 'இந்த எம்.ஆர்.ஐ. வந்தா வைத்தியம் எப்படி மாறும் டாக்டர்?' என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் பணத்தை பிசியோதெரபிக்கு வையுங்கள்.

6. திரும்ப எடுக்க முடியாத எதற்கும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்

இந்த இடத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் அதிகம் இழக்கிறோம். ஒரு தனியார் கிளினிக்கில் என் உடம்பு வலியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல், 'கடி சரியில்லை, பற்களைத் தேய்த்து லெவல் செய்து கேப் போட்டால் சரியாகிவிடும்' என்று பெரிய தொகைக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். தேய்த்த பல் திரும்ப வராது. வலி தசையிலும், வலியைக் கூடுதலாக உணரும் நரம்பு மண்டலத்திலும் இருக்கும்போது பல்லைச் செதுக்கி என்ன ஆகப்போகிறது?

தாடை வலிக்காக மட்டும் பல் தேய்ப்பது, கேப் போடுவது, கம்பி போடுவது, பல் பிடுங்குவது, மூட்டு ஆபரேஷன், இவற்றை முதல் வைத்தியமாக யார் சொன்னாலும் இன்னொரு டாக்டரைக் கேளுங்கள். பி.எம்.ஜே. மருத்துவ இதழ் 2023 டிசம்பரில் நீடித்த தாடை வலிக்கு ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டது. அதில் உறுதியாகப் பரிந்துரைத்தவை, பயிற்சி பெற்றவர் துணையோடு தாடைப் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் தளர்த்துவது, உடல் நிலையைச் சரிசெய்யும் பயிற்சி, வலியைச் சமாளிக்க மனப்பயிற்சி, வீட்டுப் பயிற்சி ஆகியவை. எல்லாம் செலவு குறைந்தவை, கெடுதல் செய்யாதவை. அதே நெறி மூட்டு வட்டை அகற்றுவதையும், கடியை நிரந்தரமாக மாற்றும் தகட்டையும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறது. கன்னத்தில் உள்ள மெல்லும் தசையான மாசெட்டரில் அதைத் தளர்த்தப் போடும் போடாக்ஸ் ஊசியையும் மூட்டைக் கழுவும் சிகிச்சையையும் பொதுவாகத் தவிர்க்கலாம் என்கிறது. ஊசியின் பலன் மூன்று, நான்கு மாதம்தான், பிறகு மறுபடி செலவு.

7. வீட்டில் செய்ய வேண்டியவை: ஆறு முதல் எட்டு வாரம்

முதலில் நாக்கின் இடம். 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் நிற்கும். உதடு மூடியிருக்கட்டும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும். நாள் முழுக்க இதுதான் வாயின் ஓய்வு நிலை. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் ஒன்றோடொன்று தொட வேண்டிய அவசியமே இல்லை. இது நினைவில் நிற்காது. அதனால் கம்ப்யூட்டர் ஓரத்தில், அடுப்படியில், வண்டி ஹேண்டில்பாரில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல்லைப் பிரியுங்கள், தோளை இறக்குங்கள். மற்ற எதையும்விட எனக்கு அதிகம் உதவியது இதுதான். ஒரு பைசா செலவில்லை.

அடுத்து, ஒத்தடம். சின்னத் துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, இரண்டு கன்னத்திலும் காதுக்கு முன்னால் 15 நிமிடம் வையுங்கள். காலையில் வாய் துலக்குவதற்கு முன் வைத்தால் பிரஷ் உள்ளே போவது எளிதாகும். புதிதாகச் சுளீரென்று பிடித்துக்கொண்ட நாளில் ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைப்பது சிலருக்கு நன்றாகக் கேட்கும். ஃபைப்ரோ உள்ள பலருக்குக் குளிர் ஆகாது. உங்களுக்கு எது இதமோ அதுவே சரி.

பிறகு பயிற்சி. நாக்கு நுனியை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, நாக்கு பிரியாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள். ஒரு தடவைக்கு ஆறு முறை, நாளுக்கு ஆறு தடவை என்று பிசியோக்கள் சொல்லித் தருவார்கள். ஃபைப்ரோ உள்ளவர்கள் அதில் பாதியில் ஆரம்பியுங்கள். மறுநாள் வலி ஏறவில்லையென்றால் அடுத்த வாரம் ஒன்று கூட்டுங்கள். ஏறினால் குறையுங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருக்கும் ஒரு நாளில் உற்சாகமாக எல்லாவற்றையும் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவது இந்த நோயில் எல்லோருக்கும் நடக்கும். அதற்கு இடம் கொடுக்காமல் நல்ல நாளிலும் அதே அளவு, கெட்ட நாளில் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவான நடைப்பயிற்சியும் இதே விதிப்படி சேரட்டும். ஃபைப்ரோவுக்கு உடற்பயிற்சிதான் மிக உறுதியாகப் பரிந்துரைக்கப்படும் வைத்தியம். உடம்பு வலி தணிந்தால் தாடையும் தளரும்.

கொட்டாவி வரும்போது நாக்கை அண்ணத்தில் ஒட்டி, முஷ்டியைத் தாடைக்கு அடியில் கொடுங்கள். போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்காதீர்கள். மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு டி.வி. பார்க்காதீர்கள். குப்புறப் படுக்காதீர்கள். ஹெல்மெட் பட்டை தாடையை அழுத்தினால் சரியான அளவு ஹெல்மெட் வாங்குங்கள், பட்டையைப் போடாமல் போகாதீர்கள்.

8. சாப்பாடு

வலி ஏறிய நாட்களில், இரண்டு வாரம் வரை மெத்தென்ற சாப்பாடு: இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், பொங்கல், கிச்சடி, ஆவியில் வெந்த காய், மீன், முட்டை, தயிர், பருப்பு. புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சியிலேயே நாட்களை ஓட்டினால் உடம்பு மேலும் சோரும். சப்பாத்தியைக் குருமாவில் ஊறவைத்து எடுங்கள். பரோட்டா, நார் உள்ள மட்டன், முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, பபிள்கம் இவை தள்ளி நிற்கட்டும். கொய்யாவையும் ஆப்பிளையும் கடிக்காமல் மெல்லிசாக நறுக்கித் தின்னுங்கள். சின்னச் சின்னக் கவளம், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்று.

இரண்டு வாரத்துக்குப் பின் மெல்ல மெல்ல வழக்கத்துக்குத் திரும்புங்கள். மென்று தின்பதையே விட்டுவிட்டால் தசை இளைத்து, பிறகு தோசை ஓரமே வலிக்க ஆரம்பித்துவிடும்.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். விசேஷ வீட்டில் 'ஏம்மா, முறுக்கு எடுத்துக்க மாட்டியா, எங்க வீட்டுப் பலகாரம் பிடிக்கலையா?' என்று கேட்பவர்களிடம் வலியோடு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அம்மாவோ கணவரோ பதில் சொல்லட்டும்.

9. பிசியோவும் நைட் கார்டும்

பிசியோவைத் தேர்ந்தெடுக்கும்போது தாடை, கழுத்து இரண்டும் பார்ப்பவரா என்று கேளுங்கள். ஃபைப்ரோ இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். இல்லையென்றால் வழக்கமான அழுத்தம் கொடுத்துவிடுவார்கள், அது நமக்குத் தாங்காது. 'வலிச்சாத்தான் சரியாகும்' என்பவரை மாற்றிவிடுங்கள். தனியாரில் ஒரு அமர்வுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். வாரம் ஒருமுறை போய், மீதி நாட்கள் வீட்டில் செய்வதே பலருக்குப் போதும். பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். நம் உடம்பு எந்த வாரம் ஒத்துழைக்கும் என்று சொல்ல முடியாது.

நைட் கார்டு என்பது ராத்திரி பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை. தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்குப் பல் தேய்வதைத் தடுக்கும். வலியைக் குறைக்குமா என்பது ஆளைப் பொறுத்தது. மேலே சொன்ன 2023 நெறி வலிக்காக அதைப் பெரிதாக ஆதரிக்கவில்லை. ஆகவே பயிற்சிக்குப் பின், அல்லது பயிற்சியோடு சேர்த்து என்று வையுங்கள், தனி வைத்தியமாக வேண்டாம். செய்வதானால் வாய் அளவு எடுத்து, பற்கள் முழுவதையும் மூடும் தட்டையான கெட்டி வகையைக் கேளுங்கள். மென்மையான வகை விலை குறைவு, ஆனால் சிலருக்குக் கடிப்பதை அதிகமாக்கும். மென்மையானது ஒன்றிரண்டு ஆயிரத்தில் தொடங்கும், கெட்டியானது அதைப்போல் சில மடங்கு. பல் மருத்துவக் கல்லூரியில் இரண்டுமே குறைவு. அளவு எடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் கிடைக்கும். அதோடு முடியாது, தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மூன்று முறை போக வேண்டும். அந்தச் செலவும் விலையில் அடக்கமா என்று முதலிலேயே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் வகையை நீண்ட நாள் போடாதீர்கள், கடி மாறிவிடலாம். காலையில் எழுந்ததும் பற்கள் முன்போல் பொருந்தவில்லையென்றால் கழற்றி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

10. மாத்திரை

எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஃபைப்ரோவுக்கு வழக்கமாகத் தருவது குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், ப்ரீகாபலின் போன்றவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்காம் நாளே 'கேட்கவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும். உலர்ந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும் என்பதால் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், பல் டாக்டரிடமும் சொல்லுங்கள். ப்ரீகாபலின் தலைசுற்றலும் தூக்கமும் தரும். முதல் சில நாட்கள் வண்டி ஓட்டாதீர்கள். டுலோக்செட்டின் போன்ற மருந்துகளால் சிலருக்குப் பல் கடிப்பது அதிகமாகும். மருந்து தொடங்கிய பின் தாடை மோசமானால் நோட்டில் இருக்கும் தேதியைக் காட்டிக் கேளுங்கள். டுலோக்செட்டினோடு டிராமடால் என்ற வலி மருந்தைச் சேர்ப்பது ஆபத்தாகலாம். பல் டாக்டர் வலிக்கு எழுதும் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை தாடை மூட்டு வீக்கத்துக்குச் சில நாள் உதவலாம். உடம்பு முழுக்க உள்ள ஃபைப்ரோ வலிக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை, மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். ஸ்டீராய்டு ஃபைப்ரோவுக்கு வேலை செய்யாது.

11. பல் வேலை செய்துதான் ஆக வேண்டுமென்றால்

சொத்தையையும் வேர் சிகிச்சையையும் தள்ளிப்போட முடியாது. நேரம் வாங்கும்போதே சொல்லுங்கள்: 'எனக்குத் தாடைப் பிடிப்பு இருக்கு, ரொம்ப நேரம் வாயைத் திறந்து வெச்சிருக்க முடியாது.' ஒரே அமர்வை இரண்டாகப் பிரிக்கக் கேளுங்கள். காலையில் இறுக்கம் அதிகமென்றால் பிற்பகல் நேரம் வாங்குங்கள். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைக்கும் ரப்பர் கட்டையை வைக்கச் சொன்னால் தசை ஓய்வெடுக்கும். கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கழுத்துக்கு அடியில் சுருட்டிய துண்டு. முடிந்ததும் ஒத்தடம், அடுத்த இரண்டு நாள் மெத்தென்ற சாப்பாடு. அந்த வாரத்தில் வேறு பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

12. விடுப்பு, காப்பீடு, சான்றிதழ்

இ.எஸ்.ஐ. உள்ளவர்கள்: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இதில் வருவீர்கள். இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவி உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். வெளி டாக்டரின் சீட்டை மட்டும் நம்பி விடுப்பு எடுத்துவிட்டுப் பிறகு அலையாதீர்கள். விடுப்பு தொடங்கும் அன்றே டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் சிகிச்சைகளுக்கானது அது. நைட் கார்டுக்கும் பிசியோவுக்கும் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். தனியார் பாலிசிகளிலும் பல் சம்பந்தப்பட்ட புறநோயாளிச் செலவு பொதுவாக விலக்கு. ஓ.பி. செலவு தரும் பாலிசி என்றால் டாக்டரின் பதிவு எண், தேதி, நோயின் பெயர் மூன்றும் உள்ள சீட்டையும் பில்லையும் சேர்த்து அனுப்புங்கள். புதிதாகப் பாலிசி எடுக்கும்போது ஃபைப்ரோவை மறைக்காதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்தால் மொத்தக் கோரிக்கையும் தள்ளுபடியாகலாம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஃபைப்ரோமயால்ஜியா இல்லை. அதற்குப் பதில் உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: நோயின் பெயர், நீண்ட நேரம் பேசும் வேலையைக் குறைக்க வேண்டும், மணிக்கொரு முறை சில நிமிடம் எழுந்து நடக்க அனுமதி வேண்டும், தேவைப்பட்டால் வீட்டிலிருந்து வேலை. ஆசிரியர்கள், கால் சென்டரில் இருப்பவர்கள், வங்கிக் கவுண்டரில் இருப்பவர்கள் இதை அவசியம் வாங்குங்கள். கடிதத்தில் ஆறு மாதம் என்று காலம் குறிப்பிடச் சொன்னால் மேலதிகாரி ஒப்புக்கொள்வது எளிது. முடியும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பாகவே அடுத்ததற்கு நேரம் வாங்கிவிடுங்கள். நகலை ஃபைலில் வைத்துவிட்டு அசலை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.